நெட்ராவின் எண்பது

எஃப்ரன் ஊரில் ஏப்ரல் மாதத்து முதல் சனிக்கிழமை யாருக்கும் உடம்பு சரியில்லாமல் போகாது. கல்யாணம் எதுவும் வைக்க மாட்டார்கள். கன்று போடத் தவிக்கும் பசுவைக்கூட வீட்டுக்காரியிடம் ஒப்படைத்துவிட்டுத் தேவாலயத்துக் கூடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். அன்றைக்குத்தான் நெட்ரா ஜெப்சன் எழுந்து நின்று எண்ணைச் சொல்வாள்.

ஒரே ஒரு எண். மலையில் கிடக்கும் பனி உருகி, கோடை முடிவதற்குள் மோரோ ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இறங்கும் என்பதற்கு அது கணக்கு. சராசரி வருடத்துக்கு நூறு. நூறு என்று சொல்லிவிட்டால் கூட்டம் கைதட்டும். ஐஸ்கிரீம் இரண்டாம் சுற்று வரும். அறுபது என்றால் ஜெபம் சொல்லிக் கலைந்துவிடும். அந்தப் பள்ளத்தாக்கில் கோடை மழையை நம்பி விதைப்பவன் எவனும் கிடையாது. குளிர்காலத்தில் மலை சேர்த்து வைப்பதைத்தான் கோடையில் எல்லோரும் சாப்பிட வேண்டும். அந்தச் சேமிப்பை அளந்து சொல்வதற்கு மோரோ கால்வாய்க் கம்பெனி வைத்திருந்த ஆள் நெட்ரா.

அவள் சொல்லும் எண்ணைக் கேட்டுத்தான் யார் எதை விதைப்பது என்று முடிவாகும். வாய்க்காலை முதலில் வெட்டியவர்களின் வாரிசுகளுக்கு முதல் தண்ணீர். பின்னால் வந்தவர்களுக்கு மிச்சம். ஆறு இறங்க இறங்க, கடைசியாக வந்தவனின் மதகில் தொடங்கி ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே மேலே போவார்கள். நூறு வந்தால் கடைமடைக்காரனுக்கும் ஆகஸ்ட் கடைசி வரை தண்ணீர் உண்டு. தாராளமாக உருளைக்கிழங்கு போடலாம். தொண்ணூறு என்றால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போடலாம். எண்பது என்றால் ஜூலை நடுவிலேயே கடை மதகு மூடிவிடும். அதற்குள் முற்றிவிடுகிற பார்லியைப் போடுவதுதான் புத்தி. பார்லியில் வயிற்றைக் கழுவலாம், அவ்வளவுதான். நிமிர்ந்து உட்கார வேண்டும் என்றால் கிழங்கு விளைய வேண்டும்.

வாய்க்காலின் கடைசி மதகு நெட்ராவின் தம்பி டெல்வினுடையது.

நெட்ரா இந்த வேலைக்கு வந்தது யாரும் திட்டமிட்டு நடந்ததல்ல. கம்பெனியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பனி அளக்கப் போய்க்கொண்டிருந்தவன் ஒரு பிப்ரவரியில் காலை ஒடித்துக்கொண்டு படுத்துவிட்டான். ஆடுகள் குட்டி போடும் சமயம் என்று மற்ற ஆண்கள் கையை விரித்தார்கள். அவளுக்குப் பனிச்சறுக்கு தெரியும். பள்ளிக்கூட வாத்தியாரான அவள் கணவன் வெண்டலுக்கும் தெரியும். முக்கியமாக, அந்த வீட்டில் கால்வாய்ப் பங்கு ஒன்றுகூட இல்லை. எண் சொல்பவர் வீட்டில் பங்கு இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. ஊர் வாய்க்குப் பயந்து வைத்த விதி. "இந்த ஒரு மாசம் மட்டும் பாத்துக்கம்மா" என்றார்கள். முப்பது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டாள்.

மாதக் கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் முதுகில் மூட்டையோடு மலையேறுவார்கள். ஊசியிலை மரங்களுக்கு நடுவே, வருடா வருடம் அளக்கிற அதே திட்டுகளில், நீள அலுமினியக் குழாயைப் பனிக்குள் குத்தித் திருகி இறக்குவாள். குழாயின் வாயில் ஒரு சிட்டிகை மண் ஒட்டிக்கொண்டு வர வேண்டும். வந்தால்தான் தரையைத் தொட்டதாக அர்த்தம். மண்ணைச் சுரண்டிப் போட்டுவிட்டு, பனியோடு குழாயைத் தராசில் தொங்கவிட்டால் அதற்குள் எத்தனை அங்குலத் தண்ணீர் இருக்கிறது என்று முள் காட்டும். ஆழத்தைப் பார்த்து வாயைப் பிளப்பவன் ஏமாந்து போவான். புதுப்பனி இடுப்பளவு கிடந்தாலும் பஞ்சு மாதிரிதான். எடைதான் பேசும்.

எடையும் முழுதாகப் பேசிவிடாது. போன இலையுதிர்காலத்தில் மலை காய்ந்து கிடந்திருந்தால், அது முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்டு மீதியைத்தான் ஆற்றுக்கு விடும். வசந்தத்தில் மழை கைகொடுக்குமா, கை கழுவுமா என்பதும் ஏப்ரலில் எவருக்கும் தெரியாது. ஆகவே எத்தனை கவனமாகக் கணக்குப் போட்டாலும் வருவது ஒற்றை எண் அல்ல. கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் அதிகம் நம்பத்தக்க ஒன்று. இதை நெட்ரா தன் முதல் கூட்டத்திலேயே பொறுமையாக எடுத்துச் சொன்னாள். கூட்டத்தில் பாதிப்பேர் கொட்டாவி விட்டார்கள். "அதெல்லாம் கிடக்கட்டும் சகோதரி, எண் என்ன? அதைச் சொல்லுங்க" என்றது பின்வரிசை. அவள் நடு எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இரண்டாம் வருடம் தொண்ணூற்றெட்டு என்றாள். மே மாதம் பொட்டு மழை இல்லை. வந்தது எண்பத்து மூன்று. அப்போது கடைமடையில் இருந்தவன் ஹார்லோ பிட்டன், நல்ல உழைப்பாளி. முழு நிலத்திலும் கிழங்கு போட்டிருந்தான். செடி பூத்து நின்ற சமயத்தில் மதகு மூடியது. அந்த இலையுதிர்காலத்தில் அவன் குடும்பம் லாரியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஒரிகனுக்குப் போனபோது, வண்டி நெட்ரா வீட்டைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. அவள் வாசலில் நின்றாள். ஹார்லோவின் மனைவி மடியில் இருந்த குழந்தையின் கையைப் பிடித்து டாட்டா காட்ட வைத்தாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. நெட்ராவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த ஏப்ரலில் அவள் நடு எண்ணைச் சொல்லவில்லை. அதிலிருந்து பத்தைக் குறைத்துச் சொன்னாள். பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. தண்ணீர் அதிகமாக வந்துவிட்டது என்று யாராவது லாரியில் சாமான் ஏற்றுவார்களா? குறைத்துச் சொன்னால் கெட்டுப்போகிறவன் எவனும் இல்லை என்று நினைத்தாள். போதாக்குறைக்கு, ஹார்லோ விட்டுப்போன நிலத்தை டெல்வின் வாங்கிவிட்டான். "வேணாம்டா, அது கடைமடை" என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். "விலை சல்லிசா இருக்கேக்கா" என்றான். அதற்கப்புறம் எண்ணைக் குறைப்பது அவளுக்குப் பழக்கமாகவே போய்விட்டது.

எண்ணைச் சொன்ன பிறகு யார் என்ன விதைக்கிறார்கள் என்று கேட்பதில்லை என்று ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டாள். தெரிந்தால் அடுத்த வருடம் மனசு அந்தப் பக்கம் சாயுமே என்ற பயம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டா ஊரில் நடக்க முடியும்? எண்பது என்று சொன்ன வருடத்திலும் பச்சைப்பசேலென்று கிழங்குச் செடி நிற்பது தெரியத்தான் செய்தது. 'எண்பதுக்கே இப்படித் துணிகிறார்களே, நிஜத்தைச் சொல்லியிருந்தால் என்ன ஆட்டம் ஆடியிருப்பார்கள்' என்று நினைத்து, குறைத்தது நல்லதாயிற்று என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஊர்க்காரர்கள் என்ன, விரல் சூப்புகிறவர்களா? நாலைந்து வருடத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நெட்ரா எழுபத்தைந்து என்றால் எண்பத்தைந்து வருகிறது. எண்பத்தெட்டு என்றால் கிட்டத்தட்ட நூறு வருகிறது. முடிவெட்டும் கடையில் இது சிரிப்பாகத் தொடங்கி, பிறகு விவசாயமாகிவிட்டது. அவள் சொல்லும் எண்ணோடு பத்தைக் கூட்டு, அதற்கு ஏற்ற பயிரைப் போடு. அப்பாக்கள் மகன்களுக்குச் சொன்னார்கள். கம்பெனித் தலைவர் ஓரின் ஹாச்சே விதைக்கிழங்கு அப்படித்தான் வாங்கினார். நெட்ரா காதில் மட்டும் யாரும் போடவில்லை. நமக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்தால் இன்னும் குறைத்துவிடுவாளே! இப்படி அவள் ஊரைக் காப்பாற்றுவதாக நினைத்துக் குறைத்தாள், ஊர் அவளைப் புரிந்துகொண்டதாக நினைத்துக் கூட்டியது. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்டு வருடங்கள் ஓடின. வெண்டல் இறந்துபோனான். மலைக்குத் துணையாக வனக்காவலர் வர ஆரம்பித்தார். தராசு ஒருமுறை மாறியது. அந்தப் பத்து மாறவில்லை.

இந்தக் கணக்குத் தெரியாத ஒரே ஆள் ஜோன் ப்ரூயிட். நெப்ராஸ்காவிலிருந்து வந்து நிலம் வாங்கியவள், புருஷன் இல்லாதவள். நம்ம தேவாலயத்து ஆளும் இல்லை. அங்கே காப்பி விலக்கு, அவள் கையிலோ பார்க்கிற நேரமெல்லாம் காப்பிக் கோப்பை. அதனால் அவளிடம் யாரும் ஊர்க்கதை பேசவில்லை. நெட்ரா எண்பத்தைந்து என்று சொன்ன ஒரு வருடம், ஜோன் எண்பத்தைந்து என்றே எடுத்துக்கொண்டாள். பாதி நிலத்தைத் தரிசாகப் போட்டாள். தீவனம் போதாது என்று பசுக்களை விற்றாள். ஆறு தொண்ணூற்றாறு வந்தது. ஜூலையில் அவள் வாய்க்கால் கரையில் நெட்ராவை நிறுத்தினாள்.

"மிஸஸ் ஜெப்சன், ஒரு நிமிஷம். இவ்ளோ தண்ணி போகுதே, இது ஏப்ரல்ல எங்க இருந்துச்சு?"

"மலையில."

"அப்ப நீங்க பாத்தீங்கல்ல?"

நெட்ரா ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள்.

"நான் சண்டைக்கு வரல. எனக்கு ஒண்ணு புரியணும், அவ்ளோதான். நான் உங்க பேச்சை நம்பி மாட்டை வித்தேன். மத்தவங்க எல்லாம் தைரியமா கிழங்கு போட்டிருக்காங்க. அவங்களுக்கு மட்டும் வேற எண் சொன்னீங்களா?"

"சத்தியமா இல்ல. எல்லாருக்கும் ஒண்ணுதான் சொன்னேன்."

"அப்ப சரி" என்றாள் ஜோன். நம்பாத குரல்.

அந்தக் கேள்வியை நெட்ரா நின்று யோசித்திருக்க வேண்டும். மற்றவர்கள் எந்தத் தைரியத்தில் போட்டார்கள் என்று ஒரு நிமிடம் குடைந்திருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். ஆனால் அவளுக்குக் கேட்டதெல்லாம் மாட்டை விற்றேன் என்பது மட்டும்தான். குறைத்துச் சொன்னாலும் ஒருத்தி கெட்டுப்போகிறாள் என்பது முப்பது வருடத்தில் முதல் தடவையாக உறைத்தது. வெட்கமாக இருந்தது. இனிமேல் கணக்கில் வருவதைச் சொல்வது, அதற்குமேல் கையை வைப்பதில்லை என்று அன்று முடிவு செய்தாள்.

அடுத்த குளிர்காலம் கஞ்சத்தனமாக இருந்தது. மார்ச் கடைசியில் அளந்து முடித்துக் கணக்குப் போட்டபோது நடு எண் எண்பது வந்தது. பேனாவை வைத்துவிட்டு டெல்வினை நினைத்தாள். அவனுக்கு ஒரு வருடம் ஆலங்கட்டியிலும் அடுத்த வருடம் கருகல் நோயிலும் போயிருந்தது. மூன்றாவதும் போனால் நிலம் கைவிட்டுப் போகும் என்பது ஊருக்கே தெரியும். பழைய கை எழுபது என்று எழுதத் துடித்தது. ஆனால் எண்பது என்றாலும் தம்பி பார்லிதானே போடுவான்? பார்லி அவனை ஒரு வருடம் இழுத்துக்கொண்டு போய்விடும். உண்மையைச் சொல்வதில் அவனுக்கு ஒரு கெடுதலும் இல்லை என்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை எழுந்து நின்று, "எண்பது" என்றாள்.

கூட்டத்தில் ஒரு சின்னச் சிரிப்பு ஓடியது. பரவாயில்லை என்கிற சிரிப்பு. டெல்வின் பக்கத்தில் இருந்தவனின் முதுகில் தட்டினான். இது நெட்ராவுக்கு விநோதமாகப் பட்டது. நல்ல மனசோடு ஏற்றுக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனாள்.

மே கடைசியில், மலையிலிருந்து இறங்கி வரும் வழியில் தம்பி வீட்டுக்குத் திரும்பும் சாலையில் வண்டியை நிறுத்தினாள். வேலி வரைக்கும் பாத்தி பாத்தியாகக் கிழங்கு முளைத்து நின்றது. டெல்வின் டிராக்டரை அணைக்காமலே அங்கிருந்து கையாட்டினான். அவள் வயலுக்குள் நடந்து போனாள்.

"டேய், என்னடா இது? முழுக்கக் கிழங்கா?"

"பக்கத்து வயலையும் குத்தகைக்குப் புடிச்சிருக்கேன்க்கா. விட்டதை எல்லாம் இந்த வருஷம் புடிச்சிரலாம்."

"எண்பதுன்னு சொன்னேனே. காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழாம என்ன? உன் எண்பது எங்களுக்குத் தொண்ணூறு." கண்ணடித்தான். "தொட்டில் பிள்ளைக்குக்கூடத் தெரியும்க்கா. நீ பத்தைப் பதுக்குவ, நாங்க பத்தைச் சேத்துக்குவோம். எத்தனை வருஷமா நடக்குது!"

நெட்ரா வேலி வரைக்கும் கண்ணை ஓட்டினாள். "எல்லாருமா?" என்று மட்டும் கேட்டாள்.

"அந்த நெப்ராஸ்காக்காரியைத் தவிர எல்லாரும்."

"என்கிட்ட ஒருத்தர்கூட சொல்லலையேடா. நீயுமா சொல்லக் கூடாது?"

"சொன்னா இன்னும் பத்தைக் குறைச்சிருப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு?"

"டெல்வின், இந்தத் தடவை நான் பதுக்கல."

"சும்மா பூச்சாண்டி காட்டாத."

"பதுக்கலடா. மலையில இருக்கிறதே எண்பதுதான்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கையை நீட்டி டிராக்டரை அணைத்தான். அவன் இறங்கி வந்து ஒரு செடிக்குப் பக்கத்தில் குந்தி, அதன் இலையைத் திருப்பிப் பார்த்தான். பூச்சி ஏதும் இல்லை. நல்ல செடி.

"ஏன்க்கா?" என்றான். "இத்தனை வருஷம் குறைச்சவ, இந்த வருஷம் ஏன் குறைக்கல?"

அவள் ஜோன் கேட்டதைச் சொன்னாள். சொல்லும்போதே அந்தக் கொடுமை அவளுக்கு முழுதாகப் புரிந்தது. வழக்கம்போல எழுபது என்று புளுகியிருந்தால் இவன் எண்பது என்று கேட்டிருப்பான். பார்லி போட்டிருப்பான். பிழைத்திருப்பான்.

அங்கிருந்து நேராக ஓரின் ஹாச்சின் வீட்டுக்குப் போனாள். அவர் கொட்டகையில் ஒரு பம்பைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கூட்டத்தைக் கூட்டுங்க, ஓரின். எல்லாரும் பத்தைச் சேத்துக்கிட்டு விதைச்சிருக்காங்க. நான் சொன்னது நிஜ எண்பது."

ஓரின் கையைத் துடைத்துக்கொண்டார். முகம் வெளுத்துவிட்டது, அவருடைய கிழங்கும் மண்ணுக்குள்தான் இருந்தது. "கூட்டி? முளைச்ச கிழங்கைத் தோண்டி எடுக்கச் சொல்றதா, சகோதரி? பார்லிக்குப் பருவம் போச்சு. அதுவும் இல்லாம, இப்ப போயி நிஜமாவே எண்பதுன்னு சொன்னீங்கன்னு வைங்க, மறுபடி பயந்துட்டாங்கன்னு சொல்லி அதுலயும் பத்தைச் சேப்பாங்க."

"நீங்க நம்புறீங்களா?"

"நம்பாம இருக்கணும்னு ஆசையா இருக்கு" என்றார்.

மூத்த உரிமைக்காரர்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை. அவர்கள் மதகு எப்படியும் கடைசியில்தான் மூடும். அடிபடப்போவது கீழே இருக்கும் ஐந்தாறு பேர். அதில் முதல் அடி டெல்வினுக்கு. நெட்ரா தினமும் அவன் வீட்டுக்குப் போக ஆரம்பித்தாள். "பாதி வயலை விட்டுடு. குத்தகை வயலை இன்னைக்கே விட்டுடு. இருக்கிற தண்ணிய மீதிப் பாதிக்குப் பாச்சு, அதையாவது காப்பாத்தலாம்" என்று கெஞ்சினாள். அவன் மனைவி ஐலீனும் சொன்னாள். டெல்வின் பார்க்கலாம், பார்க்கலாம் என்றான்.

அப்புறம் ஜூன் வந்தது. வெயில் ஏறி, மலை ஒரேயடியாக உருக ஆரம்பித்தது. மோரோ ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு பழுப்பு நிறத்தில் பாய்ந்தது. பாலத்துக்கு மேலே தண்ணீர் தெறித்தது. ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. நெட்ராவைப் பார்த்து, "இதுவா எண்பது?" என்று சிரித்தார்கள். சீக்கிரம் உருகுவதும் அதிகம் உருகுவதும் ஒன்றல்ல, ஜூலைத் தண்ணீரைத்தான் இப்போது ஆறு செலவழிக்கிறது என்று அவள் தொண்டை வற்றச் சொன்னாள். கண்ணெதிரே ஆறு நிறைந்து ஓடும்போது அவனவன் கண்ணை நம்புவானா, இவள் பேச்சை நம்புவானா?

டெல்வினும் பாலத்தில் நின்றான். "நீ தப்பாவும் இருக்கலாம் இல்லக்கா?" என்றான். அவன் கேட்ட விதத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இருக்கணும்னுதான்டா நானும் வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றாள். உண்மையும் அதுதான். இத்தனை வருடத்தில் தன் கணக்கு தப்பிப்போக வேண்டும் என்று அவள் ஜெபித்தது அந்த மாதம் மட்டும்தான். அவன் இரண்டு வயலுக்கும் தண்ணீர் பாய்ச்சினான்.

ஜூலை பிறந்தபோது மலையின் நெற்றியில் வெள்ளை இல்லை. ஆறு நாளுக்கு நாள் இறங்கி, கல் தெரிந்து, கல்லுக்கு நடுவே வழி தேடி ஓடியது. ஒரு காலையில் கால்வாய்க் காவலரும் ஓரினும் கடைமடைக்கு வந்து டெல்வினின் மதகை இறக்கிச் சங்கிலி போட்டார்கள். நெட்ரா போயிருந்தாள். யாரும் கூப்பிடவில்லை, போகாமல் இருக்க முடியவில்லை. செடிகள் முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் பூவோடு நின்றன. கிழங்கு கட்டுகிற பருவம், தண்ணீரை இரட்டிப்பாகக் கேட்கிற பருவம். ஓரின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, "மன்னிச்சுக்கப்பா" என்றார். டெல்வின், "உங்க வேலையத்தானே செய்யறீங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனான். அக்கா பக்கம் அவன் திரும்பவில்லை.

அந்த வாரம் ஜோன் ப்ரூயிட் நெட்ராவைத் தேடி வந்தாள். கையில் துணி போட்டு மூடிய ஒரு கூடை ரொட்டி.

"உங்களுக்கு நன்றி சொல்லணும்னு வந்தேன். எண்பதுன்னீங்க, நான் முழுக்கப் பார்லி போட்டேன். நேத்து அறுத்து முடிச்சாச்சு. இந்த ஊர்ல மத்தவங்க ஏன் உங்க பேச்சைக் கேக்கலைன்னு எனக்குப் புரியல. போன வருஷம் நான் பேசுனது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

நெட்ரா அந்தக் கூடையை வாங்கிக்கொண்டாள். அந்தக் கோடையில் அவளுக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் ஜோன். அந்த நன்றி டெல்வினின் மௌனத்தைவிட அதிகமாகச் சுட்டது.

செப்டம்பரில் கிழங்கு தோண்டப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். நெட்ரா தம்பி வயலுக்குப் போனாள். இயந்திரம் புரட்டிப் போட்ட மண்ணில் கிழங்குகள் கோலிக்குண்டு அளவிலும், முண்டும் முடிச்சுமாகவும் கிடந்தன. மாட்டுக்குத்தான் ஆகும். ஐலீன் ஒரு வரிசையிலும், அக்காவும் தம்பியும் ஒரு வரிசையிலுமாகக் குனிந்து பொறுக்கினார்கள்.

"கடைசியா எவ்ளோக்கா வந்துச்சு?" என்றான் டெல்வின்.

"எழுபத்தொம்பது."

அவன் மெல்ல விசிலடித்தான். "ஒண்ணுதான் பிசகு. இவ்ளோ துல்லியமா நீ சொன்னதே இல்ல."

"சொன்னதே இல்ல."

அவன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் கோபம் இல்லை, களைப்புத்தான். "நீ தப்பாச் சொல்லியிருந்தா நாலு வார்த்தை திட்டி மனசை ஆத்திக்கிட்டிருப்பேன். சரியாச் சொன்னவளை என்னன்னு திட்டுறது?"

"திட்டுடா. முப்பது வருஷம் உங்களை ஏமாத்துனேன்ல."

"நாங்களும்தான் உன்னை ஏமாத்துனோம். கணக்கு சரியாப் போச்சு." வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தான்.

பனி விழுவதற்கு முன் நிலம் கைமாறியது. டெல்வினும் ஐலீனும் நகரத்துக்குப் போய்விட்டார்கள். அவனுக்குச் சர்க்கரை ஆலையில் கொதிகலன் பார்க்கும் வேலை கிடைத்தது. இரவு பகல் மாற்றி மாற்றி வேலை. குளிர்காலம் எப்போது வந்து போனது என்றே தெரிவதில்லை என்று ஐலீன் போனில் சொன்னாள்.

அடுத்த ஏப்ரலில் நெட்ரா கூடத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். ஹார்லோ போன வருடத்திலிருந்து பத்தைக் குறைத்துச் சொன்னதையும், போன வருடம் நிறுத்தியதையும். யாரும் அதிர்ச்சி அடையவில்லை; எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. பாதிப்பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு அவள் கரும்பலகைக்குப் போய் மூன்று எண்களை எழுதினாள்: மழை கைவிட்டால் இது, கைகொடுத்தால் இது, நடுவில் இது.

"இதுல எதையும்மா எடுத்துக்கிறது?" என்று பின்வரிசை முனகியது.

"அது உங்க பாடு. கூட்டாதீங்க, குறைக்காதீங்க. நானும் செய்ய மாட்டேன்."

அவளைத் திருத்துவதை விட ஊரைத் திருத்துவதற்கு அதிகக் காலம் பிடித்தது. சிலர் மூன்று எண்ணோடும் பத்துப் பத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். மெல்ல மெல்லத்தான் நம்ப ஆரம்பித்தார்கள். அவள் கடைசியாக எண் சொன்ன வருடம், முழங்கால் போய், வனக்காவலரின் பனிவண்டியில் பின்னால் உட்கார்ந்து மலையேறிய வருடம், கணக்கு காலை வாரிவிட்டது. ஏப்ரலிலேயே வெப்பக் காற்று அடித்துப் பனியை அப்படியே ஆவியாக்கிக் கொண்டுபோனது. அவள் சொன்ன கீழ் எண்ணுக்கும் கீழே இறங்கியது ஆறு. கால்வாயின் கடைப்பகுதியில் எல்லோருக்கும் சேதம். ஆகஸ்டில் கூட்டம் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் அவளை நிற்க வைத்துத் திட்டினார்கள். உங்களை நம்பித்தானே போட்டோம் என்றார்கள்.

அன்று சாயங்காலம் டெல்வின் போன் செய்தான். ஆலைக்குப் போன பிறகு அவன் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"கேள்விப்பட்டேன்க்கா. எல்லாருமா சேந்து உன்னைக் கிழிச்சுட்டாங்களாமே."

"கிழிச்சாங்கடா."

"ஓரினுமா?"

"அவருதான் ஆரம்பிச்சதே."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? அவங்க கேட்டது நியாயம். சொன்னது நான், நம்புனது அவங்க, தப்பு என்னோடது. வாங்கிக்கிட்டேன்."

அந்தப் பக்கம் ஆலைச் சங்கு எங்கோ தூரத்தில் ஊதியது.

"குடுத்து வச்சவங்க, திட்டவாவது முடிஞ்சுச்சே" என்றான் டெல்வின்.

நெட்ரா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.